செவ்வாய்க்கிழமைக் கோட்டு

பதினோரு வருடம் அலமாரியில் கிடந்தது துணி.
கம்பளியும் பட்டும் சேர்த்து முறுக்கிய நூல்,
சாம்பல் நிறத்தில் இளஞ்சிவப்புக் கட்டம்,
எங்கேயோ நடுவில் ஒளிந்து ஓடும் ஒரு பொன்னிழை.
இரண்டரை மீட்டர்.
ஓட்வாரிடம் விலையில் பாதிதான் சொன்னேன்.

நல்ல நாள் ஒன்று வரட்டும் என்று வைத்திருந்தேன்.
கல்யாணங்கள் வந்தன, போயின.
என் ஐம்பதாவது பிறந்த நாளும் வந்தது,
அன்று சளி.

ஜனவரியில் மடிப்பைப் பிரித்தால்
மிளகளவு ஓட்டை.
பூச்சி நாள் பார்ப்பதில்லை.
அதற்கு எல்லாக் கிழமையும் விருந்து.

அன்று ராத்திரியே கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில் இடம் போதவில்லை.
தரையில் விரித்து, முட்டி போட்டு,
கட்டத்தோடு கட்டம் பொருந்த
ஊசி குத்திக் குத்தி நகர்ந்தேன்.
ஓட்வார் சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்தியபடி
ஓடையைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போனார்.
ஓட்டை இடப்பக்கப் பைக்கு அடியில் போயிற்று.
வலது கை ஒரே தடவையில் உட்கார்ந்தது.
இடது கையோ
கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி
தோளை உயர்த்திக்கொண்டே நின்றது.
மூன்று முறை பிரித்தேன்.
நான்காவது முறை ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் பேசின,
நான் பேசவில்லை.

உள்துணிக்குப் பட்டு.
சால்மன் மீனை நறுக்கினால் தெரியும் அந்த நிறம்.
வரிவரியாகக் கையால் தைத்தேன்,
வெளியே ஒரு தையலும் தெரியாமல்.
விளிம்பு தொங்கி நிற்கப் பாரம் வேண்டுமாம்.
கடையில் சாவிக்கொத்துக்கு விற்கும் மணிச்சங்கிலியை
இடுப்பளவுக்கு வெட்டி,
காசைக் கல்லாவில் போட்டுவிட்டு எடுத்து வந்தேன்.

எனக்கு வேலை சாவி வெட்டுவது.
ரயில் நிலையத்துக்கு எதிரே,
செருப்புக்கு அடி போடுகிறவருக்கும் எனக்கும் ஒரே கூரை.

செவ்வாய்க்கிழமை போட்டுக்கொண்டு போனேன்.
பெர்கனில் மழை.
அதற்கு மேல் மஞ்சள் மழைக்கோட்டு,
ஆக ஊர் முழுக்க நடந்தும்
என் ஆடம்பரம் யாருக்கும் தெரியவில்லை.
கல்லாவுக்குப் பின்னால் கழற்றி மாட்டியதும் ஆரம்பித்தார்கள்.
எங்கே கிளம்பிவிட்டாய், துரீட்?
சாயங்காலம் கச்சேரியா?
ஆர்ன்ஃபின் மட்டும் குரலைத் தாழ்த்தி,
யார் செத்தது என்றார்.
வேலைக்கு வந்திருக்கிறேன் என்றேன்.
அந்தப் பதில் ஒருவருக்கும் போதவில்லை.

இயந்திரம் சுழன்றது.
பித்தளைத் தூள் பறந்து மார்பில் அமர்ந்தது.
மதியம் தட்டப் போய்க் கையை நிறுத்தினேன்:
எது பொன்னிழை, எது தூள்,
எனக்கே தெரியவில்லை.

மூன்றாவது வாரம் பைக்குள்
பேருந்து அட்டை, இருமல் மிட்டாய்,
யாரோ வாங்க வராத மாற்றுச் சாவி.
முழங்கையில் காபி.
துணி இளகி என் குனிவைக் கற்றுக்கொண்டது.

பிறகு சுன்னிவா என்ற பெண் வந்தாள்,
குப்பை கொட்ட இறங்கியவள்.
கதவு தானாகப் பூட்டிக்கொண்டதாம்.
இரவுச் சட்டை, நனைந்த தலை, பல் தந்தியடிக்கிறது.
வீட்டுச் சொந்தக்காரர் நம்பர் கிடைக்கும்வரை
கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து
விளிம்பைப் புரட்டினாள்.
சங்கிலியை விரலால் எண்ணினாள்.
பட்டை நெடுநேரம் தடவினாள்.
எதுவும் சொல்லவில்லை.
பாராட்டுக்கு என் காது நீண்டதை ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியில் வாய் திறந்தாள்:
இந்த மூன்றாவது பொத்தான் துளை
கொஞ்சம் கோணல், இல்லையா?

ஆமாம்.
அன்று ராத்திரி மணி இரண்டு,
தூங்கப் போகாமல் தைத்தேன்.

அவள் அதில் பொத்தானை நுழைத்து, எடுத்து,
மறுபடி நுழைத்தாள்.
தொலைபேசி அடித்தது.